செட்டுக்குள் அடங்காத மட்டை

ஹார்ட்வெயார் கடையில் மண்வெட்டி கேட்டால் பெரும்பாலும் இரும்புத் தகட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். பிடி வேறாக வாங்கவேண்டும். கொத்தப்போகிறவர் உயரமானவரா கட்டையானவரா, மண் இறுகியதா பொலபொலவென்று இருக்கிறதா என்று பார்த்து, நாலைந்து பிடிகளைக் கையில் தூக்கி, ஒன்றை நிலத்தில் ஊன்றி அமத்திப் பார்த்து எடுப்பார்கள். மண்ணை வெட்டுவது தகடுதான். ஆனால் அந்த வெட்டு எப்படி விழுந்தது என்ற செய்தியைக் கைக்குக் கொண்டுவருவது பிடி. பிடி பிழைத்தால் எவ்வளவு நல்ல தகடு என்றாலும் பின்னேரம் தோள்மூட்டு சொல்லிவிடும்.

கோல்ஃப் மட்டையும் ஒரு காலத்தில் இப்படித்தான் வாங்கப்பட்டது. இரும்புத் தலை ஒரு கொல்லரிடம், தண்டு ஒரு தச்சரிடம். இரண்டையும் பொருத்துவதும் கையால்தான். அந்தப் பழக்கம் எப்படி இல்லாமல் போனது, போன பிறகும் வெட்ஜ் என்ற ஒரேயொரு மட்டையில் மட்டும் அது எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. வெட்ஜுக்கு எந்தத் தண்டு போடுவது என்று இன்றைக்கும் ஆட்கள் மணித்தியாலக்கணக்காகத் தர்க்கப்படுகிறார்கள். ட்ரைவருக்கும் தர்க்கம் இருக்கிறது, அங்கே கேள்வி தூரம் ஒன்றுதான். வெட்ஜில் வருகிற தர்க்கத்துக்கு நூறு வருஷப் பழைய வேர் இருக்கிறது.

எங்கட நாட்டில் கோல்ஃப் எண்டதும் நுவரெலியா டவுணுக்கு நடுவில் விரிந்து கிடக்கிற பச்சையும், கொழும்பில் களனிவெளி ரயில் ஊடறுத்துப் போகிற அந்தப் புல்வெளியும்தான் ஞாபகம் வரும். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன, காசுக்காரருக்கு மட்டுமான விளையாட்டு. சரி, அது முழுப்பொய் இல்லை. ஆனால் ஒரு கருவியின் கதை அதை வைத்திருப்பவனின் கதை மட்டுமில்லையே. செய்தவன், திருத்தியவன், தடைசெய்தவன், அதன் பிடியைச் சுரண்டிச் சுரண்டி மெலிய வைத்தவன், எல்லாருடைய கதையும் அதற்குள் இருக்கிறது.

விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ட்ரைவர் நீளமான மட்டை, சுமார் 45 அங்குலம், பந்தைத் தூரம் அனுப்ப. அதற்குப் பிறகு அயன்கள், இலக்கம் கூடக்கூட தண்டு குறையும், முகத்தின் சாய்வு கூடும், பந்து உயரமாகப் போய்க் கிட்ட விழும். கடைசியில் வருவது வெட்ஜ். சுமார் 35 அங்குல நீளம், பாரமான தலை, நல்லாய் மல்லாந்த முகம். குழிக்குக் கிட்ட வந்த பிறகு, மணலுக்குள் விழுந்த பிறகு, நீட்டுப் புல்லுக்குள் சிக்கிய பிறகு எடுப்பது இதைத்தான். முழுவீச்சு, முக்கால்வீச்சு, அரைவீச்சு, சும்மா ஒரு தட்டு என்று எல்லா அளவிலும் வீசப்படுகிற மட்டை இது ஒன்றுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஸ்கொட்லாந்தில் முதலில் ஆஷ், ஹேசல் போன்ற உள்ளூர் மரங்களில் தண்டு செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் காடுகளிலிருந்து ஹிக்கரி மரம் கப்பலில் வரத்தொடங்கியது. அங்கே அது கோடாரிப் பிடிக்கும் சுத்தியல் பிடிக்கும் வண்டிச் சில்லின் ஆரக்காலுக்கும் போகிற மரம். பாரம், உறுதி, வளைந்தாலும் இலேசில் முறியாது. சென் அண்ட்ரூஸில் ரொபர்ட் ஃபோர்கன் போன்ற பட்டறைக்காரர்கள் அதன் பெறுமதியை முதலே கண்டுகொண்டவர்கள். கொஞ்சக் காலத்தில் கோல்ஃப் தண்டு என்றாலே ஹிக்கரி என்றாகிவிட்டது.

மரம் என்றால் ஒவ்வொரு துண்டும் வேறு. ஒரே மரத்தில் வெட்டிய இரண்டு தடிகளே ஒரேமாதிரி வளையாது. பட்டறையில் குவிந்து கிடக்கிற தடிகளுக்குள் நேரான நாரோட்டம் உள்ளதைத் தேடி எடுத்து, சீவி, உடைந்த கண்ணாடித் துண்டாலும் சுரண்டியாலும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைத்து, எண்ணெய் பூசி, கையில் வளைத்துப் பார்த்து, இன்னும் இறுக்கமாக இருந்தால் திரும்பவும் சுரண்டுவார்கள். கூடச் சுரண்டினால் அவ்வளவுதான், போன மரத்தை ஒட்ட ஏலாது. அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, விரல் நுனியில் இருந்தது.

அதனால் அந்தக் காலத்து ஆட்டக்காரரிடம் ‘செட்’ என்று ஒன்று இருக்கவில்லை. ஒரு மஷி ஒரு ஊரில் வாங்கியது, ஒரு நிப்ளிக் யாரோ தந்தது, க்ளீக் ஒன்று பழைய தலைக்குப் புதுத் தண்டு போட்டது. மட்டைகளுக்கு இலக்கம் இல்லை, பெயர்கள்தான். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையில் எடுத்து, வீசி, பிடித்துப்போய்ச் சேர்த்தவை.

இதில் பொபி ஜோன்ஸ் கதை ஒன்று கோல்ஃப்காரர் எல்லாரும் சொல்வது. 1930இல் அந்தக் காலத்தின் நாலு பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வென்றவர், அதுவும் மரத்தண்டு மட்டைகளால். அவருடைய அயன் தலைகள் சென் அண்ட்ரூஸ் கொல்லர் தொம் ஸ்ரூவர்ட்டின் பட்டறையில் அடித்தவை, பின்பக்கத்தில் சின்னப் புகைக்குழாய் அடையாளம் இருக்கும். பல வருஷத்துக்குப் பிறகு அவருடைய மட்டைகளைக் கருவியில் வைத்து அளந்தார்களாம். தனித்தனியாகக் கையால் தேர்ந்தவை எல்லாம் ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்தி வந்தன, ஒன்றைத் தவிர. மஷி-நிப்ளிக், இன்றைய கணக்கில் 8 அயன். அதைக் கேட்ட ஜோன்ஸ், தனக்கு வாழ்க்கை முழுக்கக் கரைச்சல் தந்த மட்டை அதுதான் என்றாராம். கதை சொல்லப்பட்டுச் சொல்லப்பட்டுக் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் ஒரு தண்டு பிழையென்று கை அறிந்திருக்க, அதற்குப் பெயர் வைக்கக் கருவி இல்லாமலிருந்த காலத்தை இதைவிட நல்லாய்ச் சொல்கிற கதை எனக்குத் தெரியாது.

உருக்குத் தண்டு திடீரென்று வந்ததில்லை. 1890களிலேயே தோமஸ் ஹோர்ஸ்பர்க் என்ற ஸ்கொட்லாந்துக் கொல்லர் திண்ம உருக்குக் கம்பியில் தண்டு செய்து காப்புரிமையும் எடுத்தார். பாரம் அதிகம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வெறுமையான குழாயாகச் செய்யலாம் என்று காட்டியவர் நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஆர்தர் நைட், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிப் பொறியியலாளர். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1910இல்.

அதே 1910இல்தான் அதே நைட் செய்த இன்னொரு பொருளுக்கு பிரித்தானியாவில் கதவு அடைக்கப்பட்டது. அவருடைய ‘ஸ்கெனெக்டடி’ என்ற பட்டர் மட்டையில் தண்டு தலையின் நடுப்பக்கத்தில் பொருந்தியிருக்கும். 1904இல் வோல்டர் ட்ராவிஸ் என்ற அமெரிக்கர் அதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சென் அண்ட்ரூஸில் இருக்கிற றோயல் அண்ட் ஏன்ஷியன்ட் கழகம்தான் அந்தக் காலத்தில் பிரித்தானிய உலகுக்கு விதி எழுதியது. ஆறு வருஷம் கழித்து அது அந்த வகை மட்டைகளைத் தடைசெய்தது. தோற்றதுக்கும் தடைக்கும் தொடர்பில்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நம்புவதும் விடுவதும் உங்கட விருப்பம்.

எனவே உருக்குத் தண்டு கேள்வி எழும்பியபோது சண்டை ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது. அமெரிக்கச் சங்கம் 1924இல் அனுமதித்தது. பிரித்தானியா மறுத்தது. அடுத்த ஐந்து வருஷமும் ஒரே விளையாட்டுக்கு இரண்டு சட்டம். அமெரிக்காவில் உருக்கால் அடிப்பவர் பிரித்தானியாவுக்குக் கப்பலேறினால் மரத்தைத்தான் எடுத்துப் போகவேண்டும். மறுத்ததற்குக் காரணம் வெறும் பழமைவாதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது முழு உண்மையில்லை. பட்டறைகளில் சீவிச் சுரண்டி வாழ்ந்தவர்களின் பிழைப்பு அதில் தொங்கியது. கருவியை இலேசாக்கினால் ஆட்டத்தின் கைவினை போய்விடும் என்ற பயமும் நேர்மையானதுதான். மற்றப் பக்கத்தில் நல்ல ஹிக்கரி குறைந்துகொண்டும் விலை ஏறிக்கொண்டும் இருந்தது.

எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ள கிரிக்கெட் போதும். 1979 டிசம்பரில் பேர்த் மைதானத்தில் டெனிஸ் லில்லி அலுமினியம் பற் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இங்கிலாந்துத் தலைவர் பிரியர்லி பந்து பழுதாகுது என்று முறையிட, ஆட்டம் நின்று, லில்லி கோபத்தில் பற்றைத் தூக்கி எறிந்தார். அதற்குப் பிறகு விதியில் பற்றின் அலகு மரமாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள், இன்றைக்கும் அப்படித்தான். கிரிக்கெட் மரத்தில் நின்றுவிட்டது. கோல்ஃப் நிற்கவில்லை. 1929இல் வேல்ஸ் இளவரசர் சென் அண்ட்ரூஸின் பழைய மைதானத்திலேயே உருக்குத் தண்டு மட்டைகளோடு வந்து ஆடினார் என்றும், வருங்கால அரசரைத் தகுதிநீக்கம் செய்ய ஏலாமல் கழகம் இறங்கிவந்தது என்றும் சொல்வார்கள். எது எப்படியோ, அந்த வருஷக் கடைசியில் அனுமதி கிடைத்தது. இரண்டே வருஷத்தில், 1931இல், பில்லி பேர்க் உருக்குத் தண்டால் அமெரிக்க ஓபன் வென்றார். அமெரிக்காவின் தேசியப் பட்டம் ஒன்று கடைசியாக மரத்தண்டுக்குப் போனது 1936இல், ஜொனி ஃபிஷர் வென்ற அமெச்சூர் பட்டம்.

உருக்குத் தண்டில் பெரிய பெயர் எடுத்த கம்பெனியின் அந்தக் காலப் பெயரைக் கேளுங்கள்: அமெரிக்கன் ஃபோர்க் அண்ட் ஹோ. ஒஹாயோவில் தோட்டத்து முள்ளும் மண்வெட்டியும் செய்து விற்ற கம்பெனி. அதன் வியாபாரக்குறிதான் ‘ட்ரூ டெம்பர்’. அடியிலிருந்து நுனிவரை சின்னச் சின்னப் படிகளாக மெலிந்துகொண்டு போகிற குழாயைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் உருக்குத் தண்டைத் தடவினால் விரலில் படுகிற அந்தப் படிகள் 1920களின் கடைசியில் வந்தவை.

மரத்தை விட்ட மனிதருக்கு மரத்தை விட மனம் வரவில்லை. 1930களில் விற்ற உருக்குத் தண்டுகள் பலவற்றுக்கு மேலே மரநிறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் ஹிக்கரி. ஓய்வுபெற்ற பொபி ஜோன்ஸின் பெயரில் ஸ்போல்டிங் கம்பெனி விற்ற மட்டைகளும் அப்படித்தான். மரத்தால் உலகை வென்றவரின் பெயர், உள்ளே உருக்கு, வெளியே மரச்சாயம். வியாபாரத்துக்கு வெட்கம் கிடையாது!

வெளியே தெரியாத மாற்றம் ஒன்று நடந்தது. மரத்தண்டு வளைவதோடு முறுகவும் செய்யும். வீச்சின் வேகத்தில் தலை பின்தங்கித் திரும்பும், அதை மணிக்கட்டால் சரியான கணத்தில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். உருக்கு அவ்வளவு முறுகாது. அப்போது மணிக்கட்டு வேலை தேவையில்லாமல் போனது மட்டுமில்லை, அது இடைஞ்சலாகவும் ஆனது. கால்களையும் இடுப்பையும் முன்தள்ளி வீசுகிற புது முறையை வடித்தெடுத்தவர் என்று பைரன் நெல்சனைச் சொல்வார்கள். 1945இல் தொடர்ந்து 11 போட்டிகள் வென்றவர் அவர். ஒரு குழாய் மாறியதில் ஒரு தலைமுறையின் உடம்பே வேறுமாதிரி அசையப் பழகியது.

குழாய் என்றால் அச்சில் வார்த்தமாதிரி ஆயிரம் செய்யலாம். ஒன்றைப்போல் ஒன்று. அங்கேதான் ‘செட்’ பிறந்தது. மஷியும் நிப்ளிக்கும் போய் 2, 3, 4, 5 என்று இலக்கங்கள் வந்தன. ஒவ்வொரு இலக்கத்துக்கும் இடையில் இத்தனை பாகை, அரை அங்குலம், அதற்கேற்ற விறைப்பு. செய்வது இலேசானதால் விற்பதும் கூடியது. லோசன் லிட்டில் என்ற ஆட்டக்காரர் 20க்கும் மேற்பட்ட மட்டைகளைத் தூக்குவித்தார் என்றால் பையைச் சுமந்த பையனின் முதுகை யோசித்துப் பாருங்கள். 1938இல் அமெரிக்காவும் அடுத்த வருஷம் பிரித்தானியாவும் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று எல்லை போட்டன.

இந்த இடத்தில்தான் வெட்ஜ் உள்ளே வருகிறது, செட்டின் வாசலால் இல்லாமல் பின்கதவால்.

மணற்குழிக்குள் விழுந்த பந்தை எடுக்க அதுவரை நிப்ளிக்தான் இருந்தது. அதன் அடிப்பகுதி கூர், மணலில் பட்டவுடன் புதைந்துவிடும். 1920களின் கடைசியில் முகம் கரண்டிபோல் குழிந்த மட்டை ஒன்று வந்தது. ஜோன்ஸே 1930இல் ஹொய்லேக்கில் அதை ஒரு தடவை எடுத்து அடித்தார். அடுத்த வருஷம் குழிந்த முகத்துக்குத் தடை. அப்போதுதான் ஜீன் சரசன் ஃப்ளோரிடாவில் தன் பட்டறையில் ஒரு நிப்ளிக்கின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி, தேய்த்து, திரும்ப ஒட்டி, மணலில் புதையாமல் வழுக்கிப்போகிற ஒரு தடித்த அடிப்பாகத்தை உருவாக்கினார். விமானம் மேலெழும்போது வால்பக்கம் தாழ்வதைப் பார்த்த யோசனை என்று பிறகு அவரே சொன்னார். 1932இல் அதோடு பிரிட்டிஷ் ஓபனுக்குப் போனார். விதிக்காரர் கண்ணில் பட்டால் இதையும் தடைசெய்வார்கள் என்ற பயத்தில் பைக்குள் தலைகீழாகச் செருகி வைத்தாராம். அந்தப் பட்டத்தையும், அதே வருஷ அமெரிக்க ஓபனையும் வென்றார். வில்சன் கம்பெனி அதை ஆர்-90 என்ற பெயரில் விற்கத் தொடங்கியது.

காலத்தைக் கவனியுங்கள். உலகம் முழுக்க ஒன்றுபோல் ஒன்று என்று இலக்கமிட்ட செட்டுகளுக்கு ஓடுகிற அதே நேரத்தில், ஒரு மனிதன் தனியே பட்டறையில் இருந்து, கையால், ஒன்றே ஒன்றைச் செய்கிறான். வெட்ஜ் பிறக்கும்போதே செட்டுக்கு வெளியே. இலக்கமும் இல்லை, இன்றைக்கும் அதன் அடியில் பொறித்திருப்பது ஒரு எழுத்து அல்லது சாய்வின் பாகைதான். அயன் செட்டை ஒரு கம்பெனியில் எடுப்பவர் வெட்ஜை இன்னொரு கம்பெனியில் எடுப்பார், அதுவும் ஒவ்வொன்றாக. இப்படி வந்த மட்டைக்குத் தண்டு எது? செட்டிலிருப்பதையே போடுவதா, அதற்கென்று வேறா? உருக்கு யுகம் தீர்த்துவிட்டதாக நினைத்த பழைய ஹிக்கரிக் கேள்வி இந்த ஓட்டைக்குள்ளால் திரும்பி வந்தது.

கொஞ்சக் காலம் இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாத் தண்டும் பாரமான உருக்கு. குழப்பியது கார்பன். 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வலுவான கார்பன் இழை உருவானது. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் தூண்டில் தடி செய்கிற ஷேக்ஸ்பியர் கம்பெனி கண்ணாடியிழைத் தண்டு செய்து, கெரி பிளேயர் அதோடு 1965 அமெரிக்க ஓபனையும் வென்றிருந்தார். அதே கம்பெனியில் வேலைசெய்த ஃப்ராங்க் தோமஸ் 1969இல் கிரஃபைட் தண்டை உருவாக்கினார். (இதே தோமஸ் பிறகு அமெரிக்கச் சங்கத்தின் தொழில்நுட்பப் பணிப்பாளராகிப் பல வருஷம் மற்றவர்களின் கண்டுபிடிப்புகளுக்குத் தீர்ப்புச் சொன்னார்!) முதலில் ட்ரைவருக்கு, பிறகு மெல்ல மெல்ல அயனுக்கும் வந்தது. உருக்கும் சும்மா இருக்கவில்லை, அதுவும் மெலிந்தது. பழைய பாணி உருக்குத் தண்டு ஒன்று சுமார் 130 கிராம். இன்றைக்கு இலேசான உருக்கு 100 கிராமுக்குக் கீழே, அயனுக்கான கிரஃபைட் 60, 70 கிராமிலும் கிடைக்கிறது.

ஆனால் கடையில் தனியே தொங்குகிற வெட்ஜுகளில் நிறைய இன்றைக்கும் அந்தப் பழைய 130 கிராம் வகைத் தண்டோடுதான் வருகின்றன. 65 கிராம் தண்டு அயன்களால் 17 குழிவரை வீசிப் பழகிய கை, 18ஆவது குழிக்குக் கிட்ட வந்ததும் ஒரே பாய்ச்சலில் இரண்டு மடங்கு பாரத்தைத் தூக்குகிறது. அந்த மட்டையால் அடி பிழைத்தால் அவர் தன் வீச்சைத்தான் குறைசொல்வார். ஜோன்ஸின் மஷி-நிப்ளிக்தான் இது, இந்தமுறை தொழிற்சாலையே செய்து தந்தது.

இதோடு இன்னொன்று. 1960கள், 70களில் பிட்சிங் வெட்ஜின் சாய்வு 50 பாகைக்குச் சற்று மேலே இருந்தது. ‘எங்கட அயன் தூரம் போகும்’ என்று விளம்பரப்படுத்த ஒவ்வொரு கம்பெனியும் சாய்வைக் குறைத்துக் குறைத்து, இன்றைக்கு 45 பாகைக்கும் கீழே வந்துவிட்டது. இலக்கம் அதேதான், மட்டை வேறு. கீழே விழுந்த இடைவெளியை நிரப்ப கப் வெட்ஜ் என்று ஒன்று. 1980களில் டொம் கைட் போன்றவர்கள் 60 பாகை லொப் வெட்ஜைப் பைக்குள் கொண்டுவந்தார்கள். அப்படி வெட்ஜ் ஒன்று மூன்றாகி நாலாகிவிட்டது. அவற்றுக்குள்ளேயே இரண்டு சாதி: மேலே உள்ளவை பெரும்பாலும் முழுவீச்சு வீசப்படுபவை, அதாவது வேடம் மாறிய அயன்கள். கீழே உள்ளவை சரசனின் வாரிசுகள், அரைவீச்சும் மணலும் புல்லும்.

முதலில் மனதில் வைக்கச் சொன்னது இப்போது தேவைப்படுகிறது. தண்டின் விறைப்பு முழுவீச்சின் வேகத்துக்காக அளந்து சொல்லப்படுவது. அரைவீச்சில் அந்த வேகம் வருவதேயில்லை. விறைத்த தண்டு மெதுவான வீச்சில் ஒன்றும் சொல்லாமல் தடிமாதிரி இருக்கும், தலை எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. டைகர் வூட்ஸ் தன் அயன்களில் டைனமிக் கோல்ட் எக்ஸ்100 என்ற மிக விறைத்த தண்டும், வெட்ஜுகளில் அதே வகையில் ஒரு படி இளகிய, கிராம் கணக்கில் சற்றுப் பாரமான எஸ்400உம் போட்டு வந்தது இதனால்தான் கவனிக்கப்படவேண்டியது. பாரம் குறையவில்லை, விறைப்பு மட்டும் ஒரு படி இறங்கியது. தொழில்முறை ஆட்டக்காரர் பலரின் பைகளிலும் இதே வடிவத்தைக் காணலாம். பாரம் கை அவசரப்படாமல் பார்த்துக்கொள்கிறது, இளக்கம் கைக்குச் செய்தி சொல்கிறது.

பட்டறைக்காரர் இதையே வேறு வழியாலும் செய்வார்கள். இணைநுனித் தண்டு என்பது நீட்டாக வருகிற ஒரே குழாய். நுனியிலிருந்து எவ்வளவு கூட வெட்டுகிறோமோ அவ்வளவு விறைக்கும். 3 அயனிலிருந்து 9 அயன்வரை ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் கூட்டிக் கூட்டி வெட்டிக்கொண்டு போய், வெட்ஜுக்கு வந்ததும் பலர் 9 அயனின் அளவிலேயே நிறுத்திவிடுவார்கள். விறைப்பின் ஏணி அங்கே நின்றுவிடும். இல்லையென்றால் 8 அயனுக்கென்று வந்த தண்டை வெட்ஜில் போட்டுவிடுவார்கள், ஒரு படி இளகும். கண்ணாடித் துண்டால் சுரண்டியவரின் வேலையை இன்றைக்குக் குழாய் வெட்டி செய்கிறது.

இதையெல்லாம் கடையில் ஒரு சொல்லுக்குள் சுருட்டிவிட்டார்கள்: ‘வெட்ஜ் ஃப்ளெக்ஸ்’. அந்தச் சொல்லை ஒட்டியிருப்பதைப் பார்த்தால் ஏதோ அளவீடு என்று நினைப்போம். தண்டின் விறைப்புக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவுகோல் என்று ஒன்று கிடையாது, ஒரு கம்பெனியின் ‘ஸ்டிஃப்’ இன்னொன்றின் ‘ரெகுலர்’ ஆக இருக்கலாம். ‘வெட்ஜ் ஃப்ளெக்ஸ்’ அதைவிட மோசம். பெரும்பாலும் ஸ்டிஃப் தண்டுக்குக் கிட்டவாக இருக்கும், அதற்குமேல் அந்தச் சொல் ஒரு உத்தரவாதமும் தராது.

2010இல் இன்னொரு திருப்பம். வெட்ஜ் முகத்தில் இருக்கிற தவாளிப்புகளின் கூர்மைக்கும் கொள்ளளவுக்கும் எல்லை வைத்து, அந்த வருஷத்திலிருந்து தொழில்முறைப் போட்டிகளில் புது விதி வந்தது. நீட்டுப் புல்லிலிருந்து அடித்தாலும் பந்து சுழன்று பின்னுக்கு இழுபடுகிற அந்த மாயம் குறைந்தது. அடுத்த சில வருஷத்திலேயே சுழற்சியைக் கூட்டும் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு வெட்ஜுக்கான தனித் தண்டுகள் சந்தைக்கு வந்தன, ‘ஸ்பின்னர்’, ‘ஹை-ரெவ்’ என்று. விதி முகத்தில் கைவைக்க, வியாபாரம் தண்டுக்கு இடம்பெயர்ந்தது. சுழற்சியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தவாளிப்பு, சாய்வு, பந்தின் மேலுறை, நடுவில் எவ்வளவு சுத்தமாகப் படுகிறது என்பவைதான். தண்டின் பங்கு அந்தச் சுத்தமான படுகையைத் திரும்பத் திரும்பக் கைக்குக் கொண்டுவர உதவுவது. அது சின்ன விஷயமில்லை, ஆனால் பெட்டியில் எழுதிய விஷயமும் இல்லை.

அப்போ எதை எடுப்பது? பழைய மட்டைகளைக் கைமாற்றில் வாங்கித் தொடங்குகிற ஒருவருக்கு நான் சொல்வது இதுதான். முதலில் அயனில் இருக்கிற தண்டின் பாரத்தைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் தண்டில் ஒட்டிய வளையத்தில் வகை எழுதியிருக்கும். வெட்ஜ் தண்டு அதற்குச் சமமாகவோ, ஒரு 10, 20 கிராம் கூடவோ இருக்கலாம், இலேசாக மட்டும் இருக்கக்கூடாது. கிரஃபைட் அயன் என்றால் கிரஃபைட் வெட்ஜ் எடுப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. அது கிழவருக்கு எண்டு சொல்லுற ஆட்களை விட்டுவிடுங்கள். முழுவீச்சு வீசுகிற வெட்ஜுக்கு அயனின் தண்டே போதும். மணலுக்கும் அரைவீச்சுக்கும் உள்ளதை ஒரு படி இளக விடலாம். வாங்கும்போது முழுவேகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மட்டும் வரவேண்டாம். 30 மீற்றருக்கு ஒரு பத்துப் பந்து தட்டிப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டும் இரண்டு மூன்று. தலை எங்கே இருக்கிறது என்று கை சொல்கிறதா என்று பாருங்கள். வேகமும் சுழற்சியும் அளக்கிற ராடார் எந்தக் கடையிலும் இருக்கும், இந்தக் கேள்விக்கு அதன் திரையில் இன்னும் ஒரு இலக்கம் வரவில்லை.